வண்டியை இரண்டு இன்ச் இறக்கும் பேச்சு

அன்புள்ள மகனுக்கு,

நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். நீயும் மருமகளும் நன்றாக இருப்பது எனக்குத் தெரியும். தினமும் உன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அது உன் நைனாவோடு பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கு உன் நைனா மேல் பொறாமை. இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாக வந்துவிடும் என்று நினைத்தேன், பார்ப்போம். அவர் வருகிற வாரம் சென்னையில் விமானம் ஏறி உன்னிடம் வருகிறார். மாங்காய்த் தொக்குப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது பக்கத்திலேயே இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புவேன். அவர் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழ் எழுத்து அவருக்கு ஓடாது. நான் பாலசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊரில் படித்துவிட்டு இங்கே ஆந்திராவுக்கு, சித்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். உன்னையும் தெலுங்கில்தான் படிக்க வைத்தோம். சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழ் எழுத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவரே சுமந்துகொண்டு வந்தாலும் இதை நீதான் படிக்க முடியும்.

நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்த வருஷங்களை நீ மறந்துவிட்டாயோ என்னவோ, எனக்கு அது நேற்று மாதிரி இருக்கிறது. பிறர் தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்த குடும்பம் நம்முடையது. சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலத்தில்தான் நமக்கு விடிந்தது. டப்பாவில் அடைத்த கூழ் கப்பல் ஏறி எங்கெங்கோ போக ஆரம்பித்ததும், தோப்பிலிருந்து ஆலைக்குக் காய் ஏற்றிப்போக வண்டிகள் வேண்டியிருந்தன. யாரோ ஒருவருடைய லாரியில் டிரைவராக இருந்த உன் நைனா சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கினார். நான் ஆலையில் காய் பிரிக்கும் வேலைக்குப் போனேன். அந்த வண்டி ஓடித்தான் நீ திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தாய். நீ படித்து முடித்ததும் இரண்டாவது வண்டி வாங்கி, அப்பனும் மகனுமாகச் சேர்ந்து தொழில் செய்யலாம் என்று அவர் மனசுக்குள் வைத்திருந்தார். உன்னிடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ சென்னையில் வேலைக்குப் போனாய், பிறகு அமெரிக்கா என்றாய். "போறவன் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, நீ கிளம்பிய அன்று அவர் கிருஷ்ணகிரிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நானும் நீயும் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனோம்.

அதற்குப் பிறகு உங்கள் பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. நீ போன் செய்வாய், நான் எடுப்பேன், அவர் முற்றத்தில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் போனை வைத்ததும், "இன்னாவாம் தொரைக்கு?" என்பார். "அங்கயே கெடக்கட்டும்" என்பார். அடுத்த முறை நீ கேட்டால், "வெயில்ல சுத்தாம இருக்கச் சொன்னாரு நைனா" என்று நான் உன்னிடம் சொல்வேன். நீ, "அவருக்கு இன்னா தெரியும், அவர் ஒலகம் கிருஷ்ணகிரியோட முடிஞ்சிச்சு" என்றாய் ஒரு தடவை. அதை நான், "நேரத்துக்குத் துன்னச் சொல்றான் உன்ன" என்று அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நீ இங்கே இருந்திருந்தால் உன் நைனா எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டுமோ, அப்படி ஒருவரை உனக்காக நான் செய்து வைத்திருந்தேன். அவருக்கும் அப்படியே ஒரு மகனைச் செய்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் காணிப்பாக்கம் போய், இவர்கள் இருவரையும் நேராகப் பேச வைத்துவிடு பிள்ளையாரே என்று வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். வேண்டுதல் பலித்தால் என் கதி என்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

பலித்தது உன் வண்டியால். அங்கே ஒரு பழைய பிக்கப் வாங்கினாய். பின்பக்கம் வாலைத் தூக்கின கோழி மாதிரி நிற்கிறது, மருமகள் குள்ளம், மாசமாக வேறு இருக்கிறாள், ஏறுவதற்குள் திண்டாடுகிறாள், கொஞ்சம் இறக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்தி, "மா, நைனா பக்கத்துல கீறாரா?" என்றாய். போனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக் காதில் வைத்து, நீ நலமா என்று கூடக் கேட்காமல், "முன்பக்கம் இன்னாடா, கமான் பட்டையா, சுருள் ஸ்பிரிங்கா?" என்றார். அவ்வளவுதான். பல வருஷத்துப் பேச்சு அந்தக் கேள்வியில் ஆரம்பித்தது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். நீ என் எண்ணுக்குத்தான் போடுகிறாய், நான்தான் எடுக்கிறேன். உடம்பு எப்படி, ஆலை எப்படி என்று இரண்டு கேள்வி. மூன்றாவது பேச்சு, "நைனாகிட்ட குடும்மா." அவர் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். நம் வண்டியின் பக்கத்தில் குந்திக்கொண்டு, சக்கரத்தைத் தடவிக்கொண்டே பேசுவார். சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் கங்காதர நெல்லூர்ப் பக்கம் வறண்டு கிடந்த ஏரிக்கு உன்னைக் கூட்டிப்போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? அதுவரை நீ பள்ளிவிட்டு வந்தால் என் முந்தானையில்தான் முகம் துடைப்பாய். அன்று உடம்பெல்லாம் டீசல் வாசத்தோடு வந்து, "நைனா, நாளைக்கும் போலாமா?" என்று அவரைக் கேட்டாய். அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் வயிறு எரிந்தது. சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை பேசாமல் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். உங்கள் பேச்சு எனக்குப் புரியாததால்தானே நான் வெளியே நிற்கிறேன், புரிந்துகொண்டால் போகிறது. ஒருநாள் உன் நைனா டீ குடிக்கக் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு கோணியை விரித்துப் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தேன். இத்தனை வருஷம் ஏறி இறங்கிய வண்டி, அடியில் எப்படி இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். கமான் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைந்து கிடந்தன. பட்டையின் பின் முனையை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு சின்ன இரும்புத் துண்டு. நீங்கள் ஷாக்கிள், ஷாக்கிள் என்றது அதைத்தான் போல. அதை வேறு அளவில் மாற்றினால் பின்பக்கம் இறங்கும் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"இன்னாமே பண்றே அங்க?"

"ஒரு கம்மல் விழுந்துட்ச்சு."

"கம்மல் ரெண்டும் காதுல தான கீது" என்றார், குனிந்து பார்த்துவிட்டு. கை கொடுத்து இழுத்துவிட்டார். முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தபோது ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நீயும் அவரும் பின்பக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் நேரம் பார்த்து, "ஷாக்கிள் மாத்தி வண்டி எறங்கிச்சுனா, ஷாக் அப்சார்பர் மட்டும் பழசே இருந்தா அது நீளமா நிக்காதா? அத்தயும் குட்டையா மாத்தணுமில்ல?" என்றேன். நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். "அம்மா மெக்கானிக் ஆயிட்ச்சு நைனா" என்றாய். "அவ கேக்கறது சரிதான்டா, அதுவும் மாத்தணும்" என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, குட்டை ஷாக் அப்சார்பர் எங்கே கிடைக்கும் என்று உன்னிடம் கேட்க ஆரம்பித்தார். என்ன நீளம், எண்ணெயா காற்றா என்று பேச்சு என்னைத் தாண்டி ஓடிவிட்டது. கேள்வி என்னுடையது, பேச்சு உங்களுடையது. நான் போய்த் துணி மடித்தேன். நீ கேலி செய்ததாக நான் நினைக்கவில்லை கண்ணு. ஆனால் அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் காதில் இருந்தது.

முன்பக்கத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் சண்டை வந்தது. உன் வண்டிக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங். அதை எடுத்துவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போட்டுவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்றாய் நீ. கூடாது என்றார் அவர். ஸ்பிரிங்கைத் தொடாதே, சக்கரம் மாட்டுகிற ஸ்டப் ஆக்சிலை மாற்று என்றார். சக்கரத்தின் தண்டைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துச் செய்த ஆக்சில் போட்டால், ஸ்பிரிங் இருந்தபடியே இருக்கும், வண்டி மட்டும் இரண்டு இன்ச் இறங்கும் என்று நீயே முன்பு ஒரு நாள் அவருக்குச் சொன்னதுதான். அதில் வேலை அதிகம், அலைச்சல் என்று நீ இப்போது பின்வாங்கினாய். ஸ்பீக்கர் போட்டிருந்தது, நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஸ்பிரிங்கு குட்டையாச்சுனா அது ஆடறதுக்கு எடம் ஏதுடா? லோடு ஏத்தி ஒரு பள்ளத்துல உட்டேன்னா அடியில போய் இடிக்கும்."

"நைனா, இங்க ரோடு நம்ம ரோடு மாதிரி கெடையாது. ஒண்ணும் இடிக்காது."

"நம்ம ரோட்டுக்கு இன்னாடா? அந்த ரோட்டுல ஓட்டித்தான் உன்ன படிக்க வெச்சேன்."

"அத்த யாரு இல்லன்னா? நீ இங்க வந்து பாத்திருக்கியா நைனா, ரோடு எப்படி கீதுன்னு?"

"நீ கூப்ட்டியாடா?" என்றார் உன் நைனா.

அவர் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, உன் இஷ்டம். எப்பவும் உன் இஷ்டந்தான" என்று சொல்லிவிட்டுப் போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது எழுதப்போவதைப் படித்துவிட்டு உன் அம்மா இப்படிப்பட்டவளா என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை. உங்கள் சண்டையில் எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மறுநாள் காலையில் நீ எனக்குப் போன் செய்தாய், "நைனா எப்படி கீறாரு மா?" என்று ஆரம்பித்து, மருமகளுக்குப் புளிப்பாகத் தின்னத் தோன்றுவது, உன் ஆபீஸில் புதிதாக வந்தவன் உன் இடத்தைப் பிடிக்கப் பார்ப்பது, பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று எல்லாவற்றையும் சொன்னாய். என் சோறு ஆறிப்போகிற வரைக்கும் பேசினாய். உன் நைனா, "இன்னாவாம் அமெரிக்காக்காரனுக்கு? திமிரு எறங்கிச்சா?" என்றார். அதை உன்னிடம் நான், "புள்ளத்தாச்சிய ஜாக்கிரதையா பாத்துக்கச் சொன்னாரு" என்று சேர்த்தேன். பழைய வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆலையில் அன்று கூட வேலை செய்கிற பெண்கள், "இன்னாக்கா, மூஞ்சி பளபளன்னு கீது?" என்றார்கள்.

ஆனால் வீட்டில் அவர் சரியாக இல்லை. தட்டில் போட்டதைப் பாதி வைத்துவிடுவார். லோடு இல்லாத நேரத்திலும் போய் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "திருப்பதிக்கு ஒரு வேல கீது, வர்றியா?" என்றார். சாமி பார்க்கத்தான் என்று நினைத்துத் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். மலைப் பக்கம் திரும்பாமல் வண்டியை நேராக உதிரி பாகக் கடைகள் இருக்கிற தெருவுக்கு விட்டார். ஒரு கடையில் ஏறி, ஸ்டப் ஆக்சில் ஒன்று காட்டச் சொன்னார். கடைக்காரர் எடுத்துப் போட்டார். உன் நைனா அதை மடியில் வைத்துக்கொண்டு, சக்கரம் மாட்டும் தண்டு எங்கே இருக்கிறது, அதற்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலால் அளந்து அளந்து பார்த்தார். "ஏ பண்டிக்கி, அன்னா?" என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார், எந்த வண்டிக்கு என்று. "மா அப்பாயி பண்டிக்கி" என்றார் இவர், எங்கள் பையன் வண்டிக்கு என்று. பையன் எங்கே என்று கடைக்காரர் கேட்டதும், "அமெரிக்கா" என்றார். அந்தச் சொல்லை அவர் கேலி இல்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அமெரிக்க வண்டிக்கு இங்கே சாமான் கிடைக்காதே என்று கடைக்காரர் சிரித்தார். "தெரியும், சும்மா பாக்கறதுக்கு" என்றார் உன் நைனா. அந்த இரும்பைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னோடு பேச்சு இல்லாதபோதும் உன் வண்டியின் முன்பக்கத்தை நினைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பஸ்ஸும் லாரியும் போகிற நெரிசலில் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். என் முழங்கால் வலிக்கு ஒரு தைலம் வாங்கிவரச் சொன்னால் மூன்று நாள் மறந்துவிடுகிறவர். பொறாமை என்று ஒரே வார்த்தைதான் இருக்கிறது, ஆனால் அன்று அது இரண்டு பக்கமும் இழுத்தது. அவருக்கு நீ கிடைத்துவிட்டாய் என்றும் பொறாமை, உனக்கு அவர் கிடைத்துவிட்டார் என்றும் பொறாமை.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் நீ அந்தப் போன் செய்தாய். உன்னோடு வேலை செய்கிற ஒருவன் தன் வண்டிக்குக் குட்டை ஸ்பிரிங் போட்டிருக்கிறான், அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க இரவல் வாங்கிப்போய்ப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிலும் ஒரு அலமாரியும் ஏற்றிவந்தாய், மருமகளும் கூட இருந்தாள். "ரயில் தண்டவாளம் தாண்டும்போது அடியில ஒரே இடி மா. அவ வயித்தப் புடிச்சிக்கினா. டாக்டர்கிட்ட காட்டிட்டோம், ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குப் பேச்சே வரல" என்றாய். உன் குரல் சின்னப் பிள்ளையில் இருந்த மாதிரி இருந்தது. பிறகு, "நைனா சொன்னதுதான் மா சரி. ஸ்பிரிங்க தொடல, ஆக்சில் தான் மாத்தப்போறேன். நீ நைனாகிட்ட சொல்லிடு. எனக்குப் பேச ஒரு மாதிரி கூச்சமா கீது" என்றாய்.

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். உன் நைனா வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நீ கூச்சத்தில் அவரைக் கூப்பிட மாட்டாய், அவர் வீம்பில் உன்னைக் கூப்பிட மாட்டார். நீ தினமும் என்னோடு பேசுவாய். அவர் தினமும் என்னைக் கேட்பார். மாற்றிச் சொல்வது எனக்குப் பழகின வேலை. பேரப்பிள்ளை வந்தாலும் அதன் பேச்சும் என் வழியாகத்தான் நடக்கும். வாசல்வரை போனேன். அவர் பனியனோடு குனிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற மண்ணை விரலை விட்டுத் தோண்டிக் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டதை நீ சொன்னது நினைவுக்கு வந்தது.

"அவன் போன் பண்ணான்" என்றேன். "நீ சொன்னதுதான் சரியாம். ஸ்பிரிங்க தொடலயாம். ஆக்சில்தான் மாத்தப்போறானாம். உன்கிட்ட பேச கூச்சமா கீதாம்." ரயில் தண்டவாளத்தையும் சொன்னேன். சொல்லும்போது வாய் கசந்தது, ஆனால் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அவர் குழாயை நிறுத்தினார். "இது அவன் சொன்னதா, நீ சேத்து சொல்றதா?" என்றார்.

"இன்னா சேத்து சொன்னேன் நான்?"

"ஏன்மே, இத்தினி வருஷமா நீ சேத்து சொல்றது எனக்குத் தெரியாதா? நேரத்துக்குத் துன்னுன்னு அவன் சொல்வானா? அவன் வாயில அது வருமா? என் ரத்தம் அவன்."

"தெரிஞ்சி ஏன் சும்மா இருந்தே?"

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னா நல்லா இருந்துச்சு" என்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் இல்லாவிட்டால் இவர்களுக்குள் ஒன்றும் போய்ச் சேராது என்று நினைத்திருந்தேன். அவர் தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உனக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, கேட்கப் பயமாக இருக்கிறது. "இது அவன் சொன்னது. நான் ஒண்ணும் சேக்கல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அவன் நம்பரு போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். அவராக உன்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஏன்ரா, புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு ரயில் கேட்டுல அந்த வேகத்துலயா போவே?" என்று அவர் எடுத்த எடுப்பில் திட்டியது உனக்கு நினைவிருக்கும். நீ வாங்கிக்கொண்டாய். அப்புறம் பாகம் பாகமாக முடிவு செய்தீர்கள். முன்னால் ஆக்சில், பின்னால் ஷாக்கிள், நான்கு பக்கமும் குட்டை ஷாக் அப்சார்பர், எல்லாம் மாட்டி முடித்ததும் சக்கரங்களின் நேர் பார்க்க வேண்டும், இரண்டு இன்ச்சுக்கு மேல் ஒரு நூல் கூட இறக்கக்கூடாது. எல்லாம் எனக்குப் புரிந்தது. கடைசியில் நீ, "நைனா, நீயே வந்து மாட்டிக் குடேன். டிக்கெட் நான் எடுக்கறேன்" என்றாய். அவருடைய காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ, "அம்மாவும் வரட்டும்" என்றாய்.

அம்மாவும். அந்த 'உம்' என்னைக் குத்திவிட்டது மகனே. உன்னை ஏற்றிவிட பஸ்ஸில் வந்தவளுக்கு ஒரு 'உம்', வராமல் லோடு ஓட்டப் போனவருக்கு முழு அழைப்பு. மாம்பழ சீசன், ஆலையில் காய் பிரிக்கும் என் மேசையில் என்னை நம்பி இத்தனை பெண்கள், விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். சீசன் உண்மைதான். ஆனால் நீ முதலில் என்னைக் கூப்பிட்டிருந்தால் சீசனாவது ஒன்றாவது என்று கிளம்பியிருப்பேன். பிள்ளை பிறக்கும்போது வருகிறேன். அப்போது உன் மாமியாரும் அங்கே இருப்பாள் என்று சொன்னாய். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

உன் நைனாவை உன்னிடம் அனுப்புகிறேன், சிலது தெரிந்துகொள். குளிர்கிறது என்று சொல்ல மாட்டார், போர்வையை நீயே போட வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க மாட்டார், இடுப்பு பிடித்துக்கொள்ளும், நடுவில் ஏதாவது சாக்குச் சொல்லி எழுப்பு. சர்க்கரை மாத்திரை பெட்டியின் மேல் பையில் இருக்கிறது. ஒரு போல்ட்டை நீ ஒரு விதமாகவும் அவர் ஒரு விதமாகவும் முறுக்கச் சொல்வீர்கள், அங்கே சண்டை வரும். வரட்டும். உரக்கவே போடுங்கள். ஆனால் மருமகளை நடுவில் நிற்க வைத்து, "அவர்கிட்ட சொல்லு", "அவன்கிட்ட சொல்லு" என்று மட்டும் செய்யாதீர்கள். நடுவில் நிற்கிறவளுக்கு அந்த இடம் பிடித்துப்போய்விடும். விட்டுக் கொடுக்க மனசு வராது. உன் பிள்ளை வளர்ந்து உன்னை எதிர்த்துப் பேசினால், அதையும் உன் முகத்துக்கு நேராகவே பேச விடு. கேட்க நன்றாக இருக்காது. ஆனாலும் நீயே கேள்.

நீங்கள் இரண்டு பேரும் பேசுவது எனக்கு வேண்டும். நான் கேட்டு வாங்கியதுதான். அது கிடைத்த பிறகு எனக்கு வயிறு எரிவதும் நிஜம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன, நான் இரண்டுக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே இனிமேல் கொஞ்ச நாளைக்கு வாசலில் வண்டி இருக்கும், ஓட்டுகிறவர் இருக்க மாட்டார். ஆலை விட்டு வந்தால் நான் ஒருத்திதான். உங்களுக்குள் சண்டை வந்தால் எனக்குப் போன் செய். வராவிட்டாலும் செய்.

உன் அம்மா